நாடாவை எறிவதும் நிறுத்துவதும்

முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் படகு காணச் செல்வோர் பலர். சென்ற மாதம் நாம் அங்குச் சென்றது தறி காண்பதற்காக. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், இவ்வூரில், 1996-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற தக்ஷிணசித்ரா என்னும் காட்சியகம் இருப்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். தென்னாட்டின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்தும், அவற்றைப் போலவே புதிதாக அமைத்தும் நிறுத்தியிருக்கும் அவ்விடத்தில் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு ஒன்றும் உண்டு. அவ்வீட்டில் தறியும் உண்டு. விசைத்தறி ஓட்டும் அங்கத்தினர் சிலரையும் கைத்தறி நெய்யும் அங்கத்தினர் சிலரையும் உடன் அழைத்துச் சென்றோம். வேடிக்கை பார்ப்பது நோக்கமன்று. நாம் தணிக்கை செய்யும் சங்கமொன்றுக்கு வந்திருந்த கடன் மனுக்களே எம்மை அங்கு இட்டுச் சென்றன.

அம்மனுக்கள் பெரும்பாலும் ஒரே பாடமாக இருந்தன. தறியின் வேகம் போதவில்லை; ஆதலால் மோட்டாருக்குப் பெரிய புல்லியும், நாடாவை இன்னும் வலுவாக அடிக்கப் புதிய டாப்பெட்டும், தடித்த பிக்கிங் கோலும் வாங்கப் பணம் வேண்டும் என்பதே அப்பாடம். நெய்த அளவுக்குக் கூலி கிடைக்கும் தொழிலில் வேகத்தை விரும்புவதில் குற்றமில்லை. ஆனால் நாடாவை வலுவாக அடித்தால் துணி மிகுதியாக வருமா என்பதை, மனுவின் மேல் குறிப்பு எழுதுமுன் நாம் ஆராய வேண்டியிருந்தது.

குழித்தறியில் அமர்ந்தவர் நாடாவை ஒரு கையால் எறிகிறார். மறு கையால் ஏந்துகிறார். நாம் எல்லோரும் எறியும் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். உடன் வந்த முதிய நெசவாளர் ஒருவர், "எறிகிற கையை எல்லாரும் பார்ப்பார்கள், சார். ஏந்துகிற கையைப் பாருங்கள். நாடா வந்ததும் அந்தக் கை நாடாவோடு கொஞ்சம் தூரம் பின்னாலே போகிறது" என்றார். பார்த்தோம். உண்மை. நாடாவின் நுனி விரலைத் தொடும் முன்னரே கை பின்வாங்கத் தொடங்கிவிடுகிறது. நாடா மோதுவதில்லை, கையில் வந்து அடங்குகிறது. அதே அசைவில் ஊடையிழையும் அளவாக இழுபட்டுக் கரையில் படிகிறது. நாடாவுக்கு ஓடம் என்றும் தமிழில் பெயர் உண்டு. கரைக்கு வரும் ஓடத்தை ஓடக்காரன் துடுப்பை எதிர்வளமாக ஊன்றித் தணிப்பதையும் அன்று மாலையே கழிமுகத்தில் கண்டோம். பெயரிட்டவர்கள் காரணம் அறிந்துதான் இட்டிருக்கிறார்கள் என்று பெரியவர் சிரித்தார்.

இந்த ஏந்தும் கையை யந்திரம் எப்படி இழந்தது என்பதே நம் கதை.

இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் பறக்கும் நாடாவுக்கு உரிமைப் பத்திரம் பெற்ற ஆண்டு 1733. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான், முட்டுக்காட்டை அடுத்த கோவளத்தில் ஆஸ்டெண்டு கம்பெனியார் பண்டகசாலை வைத்து இந்நாட்டுத் துணியைக் கப்பலேற்றி வந்தனர். அத்துணி முழுவதும் கையால் எறிந்த நாடாவில் நெய்ததே. கே செய்தது சுருக்கமாக இதுதான்: அச்சைத் தாங்கி ஆடும் பலகையின் இரு முனைகளிலும் பெட்டிகள் அமைத்தார், ஒவ்வொரு பெட்டியிலும் பிக்கர் என்னும் சிறு கட்டையை ஓடவிட்டார், இரண்டு பிக்கர்களையும் கயிற்றால் இணைத்து, நடுவில் ஒரு கைப்பிடி வைத்தார். கைப்பிடியைச் சுண்டினால் பிக்கர் நாடாவைத் தள்ளும். நாடா பாவின் வாயினூடே ஓடி எதிர்ப்பெட்டியில் புகும். ஒரு கை விடுதலை பெற்றது. கை நீட்டத்துக்கு மேற்பட்ட அகலத் துணியை ஒருவரே நெய்ய முடிந்தது. பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய நெசவாளர் கேயின் மேல் பகைகொண்டனர். அவர் பிரான்சு தேசம் சென்று அங்கேயே வறுமையில் மாண்டார். அவருடைய மகன் ராபர்ட் கே, ஏறியிறங்கும் பெட்டி என்ற அமைப்பை 1760-ஐ ஒட்டிச் செய்ததனால்தான் பல நிற நாடாக்களைக் கொண்டு கட்டம் போட்ட துணி நெய்வது எளிதாயிற்று. லுங்கி நெய்யும் அங்கத்தினர்கள் அந்த மகனை நினைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு நன்மையிலும் ஒரு குறை ஒளிந்திருந்தது. ஏந்தும் கை செய்த வேலையைப் பெட்டி ஏற்றது. கை பின்வாங்கும், பெட்டி பின்வாங்காது.

நம் மாகாணத்துக்கு இக்கருவி வந்த வரலாற்றில் ஆல்பிரட் சாட்டர்டன் பெயரை விடுவதற்கில்லை. சென்னை அரசாங்கத்தின் சார்பில் அவர் 1906-ஆம் ஆண்டளவில் சேலத்தில் ஒரு நெசவுச்சாலை நடத்திப் பறக்கும் நாடாத் தறியைப் பரிசோதித்தார். சாலைக் கட்டுப்பாட்டுக்குள் வந்து வேலை செய்ய நெசவாளர் விரும்பவில்லை, சாலையும் நீடிக்கவில்லை. ஆனால் கருவி நீடித்தது. தம் வீட்டுத் தறியிலேயே அதைப் பொருத்திக்கொள்ள நெசவாளர் முன்வந்தார்கள். புதுமைக்கு நம்மவர் பகைவர் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். நம்மவர் வெறுத்தது கருவியை அன்று, பிறர் மணியடித்து வேலை வாங்குவதை.

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியில் மட்டும் கோர்வைச் சேலைக்கு எறிநாடா நிலைத்ததற்குத் தனிக் காரணம் உண்டு. பறக்கும் நாடா துணியின் முழு அகலத்தையும் ஒரே ஓட்டத்தில் கடப்பது. கோர்வையிலோ உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரு நாடா என மூன்று நாடாக்கள் ஓடி, எல்லையில் ஒன்றோடொன்று கோத்துத் திரும்பவேண்டும். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமும் கலப்பின்றி நிற்பது அதனால்தான். இதற்கு உதவியாள் ஒருவர் தேவை. முற்காலத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் சிறுவர்களே அமர்த்தப்பட்டனர் என்பதை மறைப்பதற்கில்லை. நாடா ஓட்டும் முறையில் செய்யும் திருத்தம் ஒரு குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் திருத்தமாகவும் இருக்கக்கூடும். அது வேறொரு கட்டுரைக்குரிய பெரிய விஷயம். இங்கு விசைத்தறிக்கு வருவோம்.

சாதா விசைத்தறியில் நாடாவை அடிக்கும் பொறி எவ்வாறு இயங்குகிறது என்பதை ஓட்டுவோர் அறிவார்கள்; எனினும் பின்னால் சொல்லப்போவதற்கு அடிப்படையாக ஒருமுறை சொல்லி வைப்போம். கிராங்கு தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் அடித்தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். அடித்தண்டின் இரு முனைகளிலும் எதிரெதிராக மாட்டிய டாப்பெட்டுகள் இருப்பதால், ஓர் ஊடை இடப்பக்கமிருந்தும் அடுத்த ஊடை வலப்பக்கமிருந்தும் ஓடும். மேலடித் தறியில், டாப்பெட்டின் மூக்கு ஒரு கூம்பு உருளையைத் தள்ள, அவ்வுருளையைத் தாங்கிய நிமிர்ந்த தண்டு சற்றே திரும்ப, அதன் தலையிலுள்ள பிக்கிங் கோல் தறிக்கு மேலாக உள்நோக்கி வீசும். கோலின் நுனியில் கட்டிய தோல் வார் பிக்கரை இழுக்கும். பிக்கர் நாடாவின் நுனியைத் தள்ளும். கீழடித் தறியில் கோல் கீழிருந்து நிமிர்ந்து நின்று பிக்கரை நேரே தள்ளும். வழி வேறு, வேலை ஒன்றே.

இனிக் கணக்குக்கு வருவோம். நிமிடத்துக்கு 150 ஊடை ஓடும் தறியில் ஓர் ஊடைக்குரிய நேரம் 0.4 விநாடி. பாவு வாய் திறந்திருக்கும் பொழுதிலேயே நாடா கடந்தாக வேண்டுமாதலால், அதற்குக் கிடைப்பது அந்த 0.4 விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியான நேரமே. அதற்குள் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஓட நாடா விநாடிக்கு 10 மீட்டர் வேகம் பெறவேண்டும். மணிக்கணக்கில் சொன்னால் 36 கிலோமீட்டர்; நகரப் பேருந்தின் வேகம். பேருந்துக்கு அவ்வேகம் பெற ஒரு தெருவே கிடைக்கிறது. நாடாவுக்குக் கிடைப்பது ஒரு சாண் அளவு. நிற்பதற்கும் பெட்டியின் நீளமே உண்டு.

தாருடன் சேர்ந்த நாடாவின் எடை 400 கிராம் என்று கொள்வோம். இவ்வேகத்தில் ஓடும் அந்த நாடாவிலுள்ள ஆற்றல் 2 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்துக்குத் தூக்கவல்லது. எட்டு மணி நேரத்தில் இப்படி 72,000 முறை அடிக்கிறோம். அடித்த அத்தனையையும் 72,000 முறை பெட்டிக்குள் நிறுத்தவும் செய்கிறோம். இவ்வளவும் எதற்காக? 48 அங்குல அகலத்துக்கு ஒரு 40-ஆம் நம்பர் இழை போடுவதற்காக. அந்த இழையின் எடை ஒரு கிராமில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. இழையைப்போல் 20,000 மடங்குக்கு மேற்பட்ட எடையை எறிந்து இழையைப் போடுகிறோம். பருத்தி பயிரிடும் அங்கத்தினர்களுக்கு இது வண்டி நிறையக் கல்லேற்றி அதன்மேல் ஒரு பஞ்சுச் சுளையை வைத்துச் சந்தைக்கு ஓட்டுவதுபோல் தோன்றக்கூடும். தோன்றினால் தவறில்லை.

வேகத்தைக் கூட்டினால் ஆற்றல் அதே விகிதத்தில் கூடாது. வேகத்தின் வர்க்கமாகக் கூடும். நாடாவின் வேகத்தை நூற்றுக்கு 10 பங்கு கூட்டினால் அதன் ஆற்றல் நூற்றுக்கு 21 பங்கு கூடுகிறது. 20 பங்கு கூட்டினால் 44 பங்கு. அந்த மிகுதி முழுவதும் பிக்கரிலும், வாரிலும், நாடாவின் நுனியிலும், பெட்டியின் சுவரிலும் போய் இறங்குகிறது. கொட்டகைக்குள் நுழைந்ததும் காதை அடைக்கும் ஓசை என்பது வேறொன்றுமில்லை; நாம் மின்சாரத்துக்குக் கொடுத்த பணம் தட்டிக்கொண்டு வெளியேறும் ஓசையே.

மனுதாரர் ஒருவர் 150-ஐ 165 ஆக்க விரும்பினார். ஒரு மணி நேரத்துக்கு 150 வீதம் 9,000 ஊடை. 165 ஆக்கிய தறி, மிகுந்த அடியினால் மணிக்கு மூன்று முறை கூடுதலாக நின்று, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் கொண்டால், ஓடுவது 54 நிமிடம், ஊடை 8,910. வேகம் கூடிற்று, துணி குறைந்தது. இக்கணக்கை அவர் முன்னிலையிலேயே போட்டுக் காட்டினோம். "நிற்காமல் ஓடினால்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நிற்காமல் ஓடினால் அவர் சொல்வதே சரி. ஆகவே கேள்வி வேகத்தைப் பற்றியதன்று. ஏன் நிற்கிறது என்பதைப் பற்றியது.

இதற்கிடையில், நாம் நேரில் விசாரித்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். ஊரும் கொட்டகையும் வேண்டா. நாடா அடிக்கடி பெட்டிக்கு எட்டாமல் பாவிலேயே சிக்கியது. ஓட்டியவர் வாரை இறுக்கினார். மறுபடியும் சிக்கியது, டாப்பெட்டைத் தள்ளி வைத்து அடியைக் கூட்டினார். இரண்டு வாரம் நன்றாக ஓடிற்று. பிறகு ஒரு நாள் அறுந்த பாவிழை ஒன்று மற்ற இழைகளோடு பின்னிக்கொள்ள, அதில் ஏறிய நாடா மேலெழுந்து வெளியே பாய்ந்து, அடுத்த தறிக்கருகில் தார் சுற்றிக்கொண்டிருந்த பெண்மணியின் கன்னத்தெலும்பைத் தாக்கிற்று. அரை அங்குலம் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அவர் பல நாட்கள் வேலைக்கு வரவில்லை. கணக்குப் புத்தகத்தில் அந்நாளைய பதிவைத் தேடினோம். "நாடா 1, நுனி சேதம், மாற்றியது" என்றிருந்தது. வேறு பதிவு இல்லை.

அந்தத் தறியை மறுநாள் மெக்கானிக்குடன் சோதித்தபோது, அடி குறைவாக இருந்ததே இல்லை என்று தெரிந்தது. நாடா சென்றடையாததற்குக் காரணம் எறிந்த பக்கத்தில் அன்று, நிறுத்திய பக்கத்தில் இருந்தது. இதை விரித்துச் சொல்வோம். ஏனெனில் பெரும்பாலான தறிகளின் நோய் இதுவே.

நாடா பெட்டிக்குள் நுழையும்போது, பெட்டியின் சுவரிலுள்ள ஸ்வெல் என்னும் வளைந்த துண்டு அழுந்தி, உராய்வினால் நாடாவின் வேகத்தைத் தின்கிறது. மிச்சத்தைப் பிக்கரும், அதைப் பின்னிருந்து தடுக்கும் வாரும் ஏற்கின்றன. ஸ்வெல்லின் முகம் தேய்ந்தோ, அதன் வில் தளர்ந்தோ போனால், நாடா மிகுந்த வேகத்தோடு பிக்கரில் மோதி, பந்துபோல் எதிர்த்து, இரண்டு மூன்று விரற்கடை முன்னே வந்து நிற்கும். அடுத்த முறை பிக்கர் அடிக்க வரும்போது நாடா அதன் இடத்தில் இல்லை. பிக்கரின் ஓட்டத்தில் முதற்பகுதி வெற்றிடத்தில் கழிகிறது. எஞ்சிய குறுகிய தூரத்தில் சுத்தியலால் அறைவதுபோல் அறைகிறது. அறை பலமாகக் கேட்கும்; நாடா மெதுவாகப் போகும். ஓட்டுபவர் என்ன நினைப்பார்? அடி போதவில்லை என்று வாரை இறுக்குவார். நாடா இன்னும் வேகமாக எதிர்ப்பெட்டியில் மோதி, இன்னும் தூரம் எதிர்த்து வரும். நோயும் மருந்தும் ஒன்றையொன்று வளர்க்கும்.

முட்டுக்காட்டில் பெரியவர் காட்டிய பின்வாங்கும் கையை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ஸ்வெல்லும் தடுப்பு வாரும் அந்தக் கையின் வேலைக்கு அமர்த்தப்பட்டவை. அவற்றைக் கவனிக்காமல் டாப்பெட்டுக்குக் கடன் கேட்பது, கடிவாளம் அறுந்த குதிரைக்குக் கொள் கூட்டுவதாகும்.

இதைக் கண்டறியப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு சுண்ணக்கட்டி போதும். தறியை ஓடவிட்டு, வழக்கம்போல் நிறுத்தி, நாடாவின் நுனி நின்ற இடத்தைப் பெட்டியின் மேல் குறிக்கவும். பத்து முறை இவ்வாறு செய்து, மறு பெட்டியிலும் அப்படியே குறிக்கவும். பத்துக் கோடுகளும் ஒரு விரல் அகலத்துக்குள் அடங்கி, நாடா பிக்கரைத் தொட்டு நின்றால் பெட்டி செம்மையாக இருக்கிறது. கோடுகள் சிதறிக் கிடந்தால் அடியில் கை வைக்கவே கூடாது. முதலில் ஸ்வெல், பிறகு தடுப்பு வார், பிறகு பெட்டியின் அகலமும் நேர்மையும். இவை சரியான பிறகே எறியும் பக்கத்துக்குப் போகவேண்டும். போனால், அங்கும் டாப்பெட் கடைசியில்தான் வரும். முதலில் பெல்ட்டின் தளர்ச்சி, வாரின் நீட்சி, பிக்கரின் துளைத் தேய்வு, கூம்பு உருளையின் தேய்வு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்.

மாலையில் மின்னழுத்தம் குறையும் ஊர்களில் மற்றொரு வேடிக்கை நடக்கிறது. அழுத்தம் குறைந்து பெல்ட்டும் வழுக்கினால் தறி மெதுவாக ஓடும். டாப்பெட் மெதுவாகத் திரும்பினால் அடியும் மெதுவாகவே விழும். ஓட்டுபவர் வாரை இறுக்குவார். காலையில் அழுத்தம் முழுமையாக வரும்போது அதே இறுக்கத்தில் அடி மிகையாகும். வாரைத் தொடும் நேரத்தைக் காலையாக வைத்துக்கொண்டாலே இத்தொல்லை பெரிதும் தீரும். கடலோரக் கொட்டகைகளுக்கு வேறொன்றும் உண்டு. உப்புக்காற்றின் ஈரத்தில் தோல் வார் நீளும். எருமைத் தோலில் செய்த பிக்கர் இளகும். அந்நாளில் தோல் பிக்கரை வாங்கியவுடன் மாட்டமாட்டார்கள். உலரக் கட்டித் தொங்கவிட்டு, எண்ணெயில் ஊறவிட்டு, மாதக்கணக்கில் பதப்படுத்திய பிறகே மாட்டுவார்கள். அப்பொறுமை இன்று எவரிடத்தும் இல்லை. ஆகவே ஈரத்துக்கு மாறாத நைலான் பிக்கரை வாங்குவதே நல்லது. புதுப் பிக்கரில் நாடாவின் நுனி எங்கே தொடுகிறதென்று பார்த்து, அந்த இடத்தில் சிறு குழி கடைந்தே மாட்டவேண்டும். குழி தப்பினால் நாடா கோணலாகக் கிளம்பும். கோணலாகக் கிளம்பிய நாடாவே வெளியே பாய்கிறது.

எவ்வளவு அடி சரியானது? நாடா ஒருமுறையும் தவறாமல் எதிர்ப்பெட்டியை அடையும் மிகக் குறைந்த அடி எதுவோ, அதற்குச் சற்றே மேல். அடியைக் கூட்டிக்கொண்டே போய் அந்த இடத்தைக் காணமுடியாது. குறைத்துக்கொண்டே வந்து, நாடா எட்டாமற்போகும் இடத்தை அறிந்து, அங்கிருந்து சிறிது ஏற்றவேண்டும். அடி தொடங்கும் வேளையும் முக்கியம். அச்சு ஊடையை அடித்த நிலையிலிருந்து கிராங்கு ஏறத்தாழக் கால் சுற்றுக் கடந்தபின், பாவு வாய் போதிய அளவு திறந்த பிறகே நாடா கிளம்பவேண்டும். முந்தினால் இழைகள் அறும். பிந்தினால், நாடா வெளியேறுமுன் வாய் மூடி அதைப் பிடித்துக்கொள்ளும்.

டாப்பெட்டின் வடிவத்தில் திருத்தமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. மான்செஸ்டரிலிருந்த ஷெர்லி ஆராய்ச்சி நிலையத்தார் 1950-களில் இதை நுணுகி ஆராய்ந்தனர். பிக்கிங் கோலும் வாரும் விறைப்பானவை அல்ல. வில்லைப்போல் வளைந்து நிமிர்பவை. டாப்பெட் நகர்த்தும் அளவும் நாடா உண்மையில் நகரும் அளவும் அதனால் வேறுபடுகின்றன. கோலின் வளைவையும் கணக்கிலெடுத்து டாப்பெட்டைக் கடைந்தால் நாடா அறைபடாமல், தொடக்கத்திலிருந்து சீராக வேகம் பெறும். அதே வேகத்தைக் குறைந்த உச்ச விசையில் அடையலாம். இவ்விஷயத்தில் எமது எச்சரிக்கை ஒன்று. வடிவம் கோலுக்கேற்றது. டாப்பெட்டை மாற்றிக்கொண்டு, "வலுவாக இருக்கட்டும்" என்று தடித்த கோலையும் மாட்டினால் அந்தக் கணக்கு முழுவதும் பாழ். மனுக்களில் பாதி இந்த இரண்டையும் சேர்த்தே கேட்டிருந்தன.

நாடாவைத் திருத்துவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சுவிட்சர்லாந்தில் சுல்சர் நிறுவனத்தார் 1950-களில் விற்பனைக்குக் கொணர்ந்த தறியில் தாரை எறிவதையே விட்டுவிட்டார்கள். நூல் தறியின் பக்கத்தில் நிற்கும்; அதன் நுனியை மட்டும் கவ்விக்கொண்டு 40 கிராம் எடையுள்ள சிறு துண்டு பறக்கும். முறுக்கிய எஃகுத் தண்டு விடுபடும் விசையில் அது எறியப்படுகிறது. எடை பத்தில் ஒன்றானதும் வேகம் தானே கைக்கு வந்தது. ரேப்பியர் தறியில் எறிவதே இல்லை. இரு கைகள் நூலை நடுவழியில் மாற்றிக்கொள்கின்றன. காற்றுத்தறியில் காற்றே நூலைக் கொண்டு செல்கிறது. கொங்கு நாட்டு விசைத்தறி ஊர்களில் இவை இன்று பெருகியுள்ளன. அவற்றோடு நம் சாதாத் தறி ஊடை எண்ணிக்கையில் போட்டியிட முடியாது. எவ்வளவு பெரிய புல்லி மாட்டினாலும் முடியாது. ஆனால் நாடாத் தறியில் இழை அறுபடாமல் திரும்பிப் புகுவதால் உண்டாகும் கெட்டிக் கரை அவற்றில் இயல்பாக வருவதில்லை. வேட்டிக்கும் சேலைக்கும் கரைதான் மானம். நாம் பிழைக்கக்கூடிய இடம் அதுவே என்பது எமது கருத்து. கரையின் ஒழுங்கும், நாடா ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்பதைப் பொறுத்தது. எதிர்த்து வரும் நாடா இழையைத் தொய்யவிட, கரையில் சிறு கண்ணிகள் விழுவதை வியாபாரிகள் விரல் நுனியால் கண்டுபிடித்து விலை குறைப்பதை நெசவாளர் அறிவார்கள்.

மத்திய அரசாங்கம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்டு நடத்திய பவர்டெக்ஸ் இந்தியாத் திட்டத்தில், சாதாத் தறியைத் திருத்த மானியம் தந்தபோது பொருத்தச் சொன்ன கருவிகளை நினைவுகூர்வது நன்று. பாவிழை அறுந்தால் நிறுத்தும் பொறி, ஊடை அறுந்தால் நிறுத்தும் பொறி, நல்ல பிரேக்கு, பாவைச் சீராக விடும் பொறி ஆகியன அவற்றுள் முக்கியமானவை. பெரும்பாலும் நிறுத்துவன. மேலே சொன்ன பெண்மணிக்கு நேர்ந்தது, பாவிழை அறுந்ததும் தறி தானே நின்றிருந்தால் நேர்ந்திராது.

நாடா பெட்டிக்கு வந்து சேராவிட்டால் தறியை உடனே நிறுத்தும் டாகர், ஒவ்வொரு சாதாத் தறியிலும் முன்னரே இருக்கிறது. அது அடிக்கடி தறியை நிறுத்துகிறதென்று, கம்பியால் கட்டிவைத்திருப்பதைச் சில கொட்டகைகளில் கண்டோம். அடுத்த தணிக்கையில் கண்டால் அந்தத் தறிக்குரிய கடன் மனு எதுவாயினும் திருப்பப்படும். இதில் தாட்சணியம் இல்லை.

கைத்தறி அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. கைப்பிடியைச் சுண்டும் சிரமத்தைக் குறைக்கச் சிறு மோட்டார் பொருத்தலாமா என்று சிலர் கேட்டனர். 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி விசைத்தறி அல்லாத தறியே கைத்தறி. நாடாவை மின்சாரம் ஓட்டத் தொடங்கினால் தறியின் பெயர் மாறும். பெயர் மாறினால், கைத்தறிக்கென ஒதுக்கிய 11 வகைகளை அதில் நெய்வது குற்றமாகும். கைத்தறிச் சங்கத்துச் சலுகைகளும் கேள்விக்குள்ளாகும். தார் சுற்றுவதற்கு மோட்டார் வைப்பது வேறு, அது தறியன்று. பறக்கும் நாடாவில் மணிக்கட்டு நோவதாகச் சொல்வோர் பெட்டியின் உட்சுவரையும் பிக்கர் ஓடும் கம்பியையும் முதலில் துடைத்து எண்ணெயிட்டுப் பார்க்கட்டும். கம்பி வளைந்திருப்பதை அறியாமலே பல ஆண்டுகள் சுண்டிய ஒருவரை நாம் கண்டிருக்கிறோம்.

கடன் மனுக்கள் இவ்வாறு முடிந்தன. பெரிய புல்லிக்கான மனுக்களைத் திருப்பினோம். பிக்கர், ஸ்வெல், தடுப்பு வார், பாவு நிறுத்தும் பொறி, நாடா பாயாமல் தடுக்கும் காவற்கம்பி ஆகியவற்றுக்கு மனுவை மாற்றித் தந்தவர்களுக்குச் சிபாரிசு எழுதினோம். இருவர் மாற்ற மறுத்து வெளியில் வட்டிக்கு வாங்கிப் புல்லி மாட்டியிருக்கிறார்கள்; அவர்களுடைய தறிகளையும் தொடர்ந்து கவனித்து வருகிறோம், அவர்கள் சொன்னது சரியானால் அதையும் இப்பக்கத்தில் எழுதுவோம். புதிதாக மனுச் செய்வோர், இரு பெட்டிகளிலும் சுண்ணக்கட்டியால் இட்ட பத்துப் பத்துக் கோடுகளின் அளவை மனுவில் குறித்து, தறியிலிருந்து கழற்றிய பழைய பிக்கரையும் சங்க அலுவலகத்துக்கு உடன் கொண்டுவரவும். பிக்கரிலுள்ள குழியைப் பார்த்தாலே பாதி விசாரணை முடிந்துவிடும்.